நூறு ரூபாயில் வயிறு நிறையுமா? மாசக் கடைசியில் சென்னைவாசிக்கு கைகொடுக்கும் சாப்பாட்டு கடைகள்!

மாசக் கடைசி. சட்டைப் பையில் ஒரே ஒரு நூறு ரூபாய் நோட்டு. மணி பகல் 12.30. வயிறு கூப்பாடு போடுகிறது.

இந்த நோட்டை நம்பி குளுகுளு வசதி செய்த ஓட்டலுக்குள் நுழைந்தால் என்ன கிடைக்கும்? ஒரு தோசை கிடைக்கலாம். அதற்கு மேல் காபி குடிக்க ஆசைப்பட்டால் பில்லைப் பார்த்ததும் முகம் மாறிவிடும். டிப்ஸ் தட்டில் என்ன போடுவது என்பது தனிக் கவலை!

அதே நோட்டோடு திருவல்லிக்கேணி பக்கம் போய்ப் பாருங்கள். அல்லது பாரிமுனை. அல்லது சவுகார்பேட்டை. கதையே வேறு.

சென்னையில் தினமும் வெளியில் சாப்பிட்டே காலம் தள்ளுகிறவர்கள் ஏராளம். அறை எடுத்து தங்கி இருக்கும் குமாஸ்தா. பரீட்சைக்குப் படிக்க வந்த பையன். ஜவுளிக் கடை சிப்பந்தி. ஆஸ்பத்திரியில் அம்மாவைச் சேர்த்துவிட்டு வராந்தாவில் படுத்துக் கிடக்கும் மகன். மோட்டார் சைக்கிளில் பெட்டி கட்டிக்கொண்டு ஊருக்கெல்லாம் பிரியாணி கொண்டு போய்க் கொடுக்கும் வாலிபர். (அவர் கொண்டு போவது பிரியாணி. அவர் சாப்பிடுவது, ரோட்டோரத்தில் நின்றபடி, நாலு இட்லி!)

இவர்களுக்கு ஓட்டல் சாப்பாடு என்பது பொழுதுபோக்கு அல்ல. ஒரு வேளைக்கு இருபது ரூபாய் ஏறினால் மூன்று வேளைக்கு அறுபது. மாதத்துக்கு ஆயிரத்து எண்ணூறு. ஊருக்கு அனுப்புகிற பணத்தில் அது அப்படியே குறையும்.

அதனால்தான் "எங்கே மலிவு?" என்ற கேள்விக்கு இந்த ஊரில் ஆளுக்கு ஒரு பதில் தயாராக இருக்கிறது.

மேன்ஷன் ராஜ்ஜியம்

முதல் பதில், எப்போதும் திருவல்லிக்கேணிதான்.

பெரிய தெரு, அக்பர் சாகிப் தெரு, பெல்ஸ் ரோடு என்று எந்தப் பக்கம் திரும்பினாலும் மேன்ஷன்கள். ஓர் அறை. மூன்று கட்டில். கொடியில் காயும் பனியன். சமைக்க இடம் கிடையாது, அனுமதியும் கிடையாது. பல தலைமுறை பிரம்மசாரிகள் இங்கே தங்கித்தான் வேலை தேடினார்கள், வேலை பார்த்தார்கள், கல்யாணம் ஆனதும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு புறநகருக்குப் போனார்கள்.

மேன்ஷன் இருக்கும் இடத்தில் மெஸ் இருக்கும். 

அதில் பேர் போனது காசி விநாயகா மெஸ். இங்கே நேராக உள்ளே போய் உட்கார முடியாது. டோக்கன் வாங்க வேண்டும். வாசலில் நிற்க வேண்டும். உள்ளே ஒரு பந்தி எழுந்ததும் அடுத்த பந்தி. கல்யாண வீடு மாதிரி!

வாழை இலை விழுகிறது. பொரியல், கூட்டு, அப்பளம். சோறு. சாம்பார், குழம்பு, ரசம், மோர் என்று வரிசையாக வருகிறது. பரிமாறுகிறவர் கை நிற்பதே இல்லை. "போதும்" என்று சொல்ல கையை இலைக்கு மேல் நீட்ட வேண்டும். நீட்டாவிட்டால் சோறு விழுந்துகொண்டே இருக்கும்.

அரட்டைக்கு இடம் கிடையாது. அடுத்த டோக்கன்காரர் வாசலில் இருந்து முறைத்துக்கொண்டு நிற்கிறாரே! கால் மணி, இருபது நிமிடத்தில் இலையை மடித்துவிட்டு எழுந்துவிடுகிறார்கள்.

இந்த அவசரத்தில்தான் மெஸ்காரரின் கணக்கே இருக்கிறது. பெரிய ஓட்டலில் ஒரு மேஜையை ஒரு குடும்பம் ஒரு மணி நேரம் பிடித்துக்கொள்கிறது. மெஸ்சில் அதே ஒரு மணி நேரத்தில் அதே இடத்தில் மூன்று, நாலு இலை விழுகிறது. 'மெனு கார்டு' கிடையாது. இன்றைக்கு என்ன செய்திருக்கிறார்களோ அதுதான் சாப்பாடு. எவ்வளவு அரிசி போடுவது, எவ்வளவு காய் நறுக்குவது என்பது காலையிலேயே தெரியும். மிஞ்சாது. வீணாகாது. சமையல் கட்டில் வீட்டுக்காரரே நிற்பார், கல்லாவில் மகன் உட்காருவார். சம்பளக் கணக்கில் இரண்டு பேர் மிச்சம்.

மலிவின் ரகசியம் அவ்வளவுதான். மந்திரமும் இல்லை, மாயமும் இல்லை.

ஒரு எச்சரிக்கை. ஞாயிற்றுக்கிழமை ராத்திரி பல மெஸ்களுக்கு லீவு. அன்றைக்கு மேன்ஷன்வாசிகள் படும் பாடு சொல்லி மாளாது. "பரோட்டாவா, பழமா?" என்று தெருத்தெருவாக அலைவார்கள்.

மீன் வேண்டுமா?

அங்கிருந்து நடக்கிற தூரத்தில் சேப்பாக்கம். கிரிக்கெட் ஸ்டேடியத்துக்குப் பக்கத்தில் முகமது அப்துல்லா தெருவில் இருக்கிறது நாயர் மெஸ். 1961-ல் ஆரம்பித்த கடை. சோறு, மீன் குழம்பு, கல்லில் இருந்து சுடச்சுட எடுத்துப்போடும் மீன் வறுவல். எழிலகம் பக்கத்து அரசாங்க ஊழியர்கள் பகல் ஒரு மணிக்கு இங்கே படையெடுப்பார்கள். மேட்ச் நடக்கும் நாட்களில் உள்ளே இடம் பிடிப்பது, ஸ்டேடியத்தில் டிக்கெட் பிடிப்பதைவிட கஷ்டம்.

உள்ளதைச் சொல்ல வேண்டும் அல்லவா? மீனில் கை வைத்தால் நூறு ரூபாய் பத்தாது. சாப்பாடும் குழம்பும் போதும் என்று நாக்கைக் கட்டிப்போட்டால் தப்பிக்கலாம். ஆனால் பக்கத்து இலையில் வஞ்சிரம் வந்து விழும்போது நாக்கைக் கட்டுகிற ஆசாமி யார்?

சாம்பாரில் நீந்தும் இட்லி

டிபன் என்றால் ரத்னா கபே. திருவல்லிக்கேணி நெடுஞ்சாலையில் 1948-ல் தொடங்கிய கடை. இதில் ஒரு வேடிக்கை பாருங்கள். சென்னைக்காரர்கள் "எங்க ஊர் சாம்பார்" என்று மார்தட்டிக்கொள்ளும் இந்த சாம்பார் இட்லிக் கடையைத் தொடங்கிய குடும்பம் வடக்கே மதுராவில் இருந்து வந்தது!

தட்டில் இட்லி வரும். மேலே சாம்பார் வரும். இட்லி மறையும் வரை வரும். பாதி சாப்பிட்டு நிமிர்ந்தால் சர்வர் சாம்பார் பாத்திரத்தோடு பக்கத்தில் நிற்பார். "ஊத்தட்டுமா சார்?" என்பது பேச்சுக்குத்தான். பதில் வருவதற்குள் ஊற்றியாகிவிடும்.

சாம்பாருக்குத் தனிக் காசு, சட்னிக்குத் தனிக் காசு என்று பில் எழுதுகிற கடைகள் பெருகிவிட்ட காலம் இது. இந்த 'ஊத்தட்டுமா'வுக்காகவே அங்கே போகிறவர்கள் இருக்கிறார்கள்.

மயிலாப்பூர் பக்கம் இருப்பவர்களுக்கு ராயர் மெஸ் இருக்கிறது. அருண்டேல் தெருப் பக்கம் விசாரித்தால் யாரும் வழி சொல்வார்கள். காலையில் பொங்கல், வடை, கெட்டிச் சட்னி. சோம்பேறிகளுக்கு இந்தக் கடை லாயக்கு இல்லை. குளித்து, சாமி கும்பிட்டு, பேப்பர் படித்து நிதானமாக வந்தால் சரக்கு தீர்ந்து போயிருக்கும். பொன்னம்பல வாத்தியார் தெருவில் 'ஜன்னல் கடை' என்று பேர் வாங்கிய ஒன்று. பெயருக்கு ஏற்றபடி ஒரு வீட்டின் ஜன்னல்தான் கடை. கம்பிக்கு அந்தப் பக்கம் அடுப்பு. இந்தப் பக்கம், தட்டோடு நிற்கும் கூட்டம். கிழக்கு மாட வீதியில் காளத்தி பத்திரிகைக் கடையில் ரோஸ் மில்க். பேப்பர் வாங்க வந்தவர் ரோஸ் மில்க் குடித்தாரா, ரோஸ் மில்க் குடிக்க வந்தவர் பேப்பர் வாங்கினாரா என்பது யாருக்கும் விளங்காத விவகாரம்.

மிஞ்சிய வடையின் மகிமை

சைதாப்பேட்டைக்கு என்று ஒரு பெருமை உண்டு. வடகறி!

கடலைப் பருப்பை அரைத்து, வேக வைத்தோ பொரித்தோ, உதிர்த்து, மசாலாக் குழம்பில் போட்டுக் கொதிக்க விடுவதுதான் வடகறி. காலையில் போட்ட மசால் வடை மிஞ்சினால் அதையே உதிர்த்துப் போட்டு விடுகிற சிக்கனத்தில் பிறந்த பண்டம் இது. சைதாப்பேட்டை மாரி ஓட்டலில் இட்லிக்கும் செட் தோசைக்கும் இதைத்தான் கேட்டு வாங்குகிறார்கள். சட்னியைச் சீண்டுவார் இல்லை.

அண்ணா சாலையில் 1951-ல் தொடங்கிய புகாரி ஓட்டலைப் பற்றியும் சொல்லாமல் விடக்கூடாது. சிக்கன் 65 பிறந்த இடம் என்று பெயர் வாங்கிய ஓட்டல். ஆனால் அது சம்பளம் வாங்கிய முதல் வாரத்துக் கடை. மாசக் கடைசியில் வாசலில் நின்று வாசனை பிடித்துவிட்டு பஸ் ஏற வேண்டியதுதான்.

ஒரு ரூபாய் இட்லி

நூறு ரூபாய் கூட இல்லை, பத்து ரூபாய்தான் இருக்கிறது என்றால்?

அதற்கும் ஒரு கடை இந்த ஊரில் திறக்கப்பட்டது. 2013-ம் ஆண்டு பிப்ரவரி 19-ந் தேதி, சாந்தோமில், அப்போதைய முதல்-அமைச்சர் ஜெயலலிதா முதல் அம்மா உணவகத்தைத் திறந்து வைத்தார். இட்லி ஒன்று 1 ரூபாய். சாம்பார் சாதம் 5 ரூபாய். தயிர் சாதம் 3 ரூபாய். பிறகு பொங்கலும், சாயங்காலம் 3 ரூபாய்க்கு இரண்டு சப்பாத்தியும் சேர்ந்தன.

மாநகராட்சி நடத்துகிறது. சமைப்பதும் பரிமாறுவதும் மகளிர் சுயஉதவிக் குழுப் பெண்கள். வார்டுக்கு வார்டு வந்தது. அரசு ஆஸ்பத்திரி வளாகங்களிலும் வந்தது.

கண்டிப்பாக இது நஷ்டக் கணக்குதான். ஒரு இட்லியை ஒரு ரூபாய்க்கு யாராலும் செய்ய முடியாது. மிச்சத்தை மாநகராட்சி போடுகிறது. "எத்தனை நாளைக்கு?" என்று ஆரம்பத்தில் கேட்டவர்கள் உண்டு. 2021-ல் ஆட்சி மாறியதும் அந்தக் கேள்வி பலமாக எழுந்தது. உணவகங்கள் மூடப்படவில்லை. 2024 ஜூலையில் அப்போதைய முதல்-அமைச்சர் மு.க.ஸ்டாலின் தேனாம்பேட்டையில் ஓர் அம்மா உணவகத்துக்குள் நுழைந்து சாப்பாட்டை ருசி பார்த்தார். பழுது பார்க்கவும் பாத்திரங்கள் வாங்கவும் 21 கோடி ரூபாய் ஒதுக்கினார்.

குறைகளும் இருக்கின்றன. வரிசையில் பின்னால் நிற்பவருக்கு 'தீர்ந்துபோச்சு' என்ற பதில் கிடைப்பது உண்டு. சாம்பார் ஒரு நாள் போல் இன்னொரு நாள் இருப்பதில்லை. உட்கார நாற்காலி கிடையாது. நின்றுகொண்டுதான் சாப்பிட வேண்டும். 

ஆனால் ஆஸ்பத்திரி வாசலில் இருக்கும் உணவகத்தில் காலை ஏழு மணிக்கு நிற்கும் வரிசையைப் பார்த்தவர்கள் சாம்பாரைப் பற்றிக் குறை சொல்ல யோசிப்பார்கள். விழுப்புரத்தில் இருந்தோ திருவண்ணாமலையில் இருந்தோ நோயாளியைக் கூட்டிக்கொண்டு வந்து, எத்தனை நாள் தங்க வேண்டி வரும் என்றே தெரியாமல் தவிப்பவர்கள் அவர்கள். நாலு இட்லி, நாலு ரூபாய். கையில் இருக்கும் பணம் ஸ்கேனுக்கும் மருந்துக்கும் ஆகட்டும் என்று எண்ணி எண்ணி எடுத்துக் கொடுக்கிறார்கள்.

2020 மார்ச்சில் கொரோனா ஊரடங்கு வந்தபோது திருவல்லிக்கேணி மெஸ்களில் பந்தி நின்றது. மேன்ஷன்கள் காலியாகின. ஊருக்குப் போக முடியாமல் சிக்கிக்கொண்ட பையன்களுக்கு அந்த நாட்களில் திறந்திருந்தவை அம்மா உணவகங்கள்தான். சில வாரங்கள் இலவசமாகவே போட்டார்கள்.

ரெயில் பயணிகளுக்கும் ஒரு தகவல். முன்பதிவு இல்லாத பெட்டியில் போகிறவர்களுக்காக 20 ரூபாய் சாப்பாட்டை ரெயில்வே 2023-ல் அறிமுகப்படுத்தியது. அந்தப் பெட்டி வந்து நிற்கும் இடத்துக்கு நேராக பிளாட்பாரத்திலேயே கவுண்ட்டர் போட்டு விற்க ஏற்பாடு.

கையேந்தி பவன்!

சென்னைக்காரனின் குசும்புக்கு இந்தப் பெயர் ஒன்றே போதும். மேஜை இல்லை, நாற்காலி இல்லை. தட்டைக் கையில் ஏந்தி நின்றபடி சாப்பிட வேண்டும். அதனால் 'கையேந்தி பவன்'! பெரிய ஓட்டல்களுக்கு எல்லாம் 'பவன்' இருக்கும்போது தள்ளுவண்டிக்கு இருக்கக்கூடாதா?

காலையில் இட்லி, பூரி. பகலில் சாம்பார் சாதம், எலுமிச்சை சாதம், முட்டை. ராத்திரி தோசை. எல்லாம் ஓர் அக்காவின் கையில். வீட்டுக்காரர் தட்டு கழுவுவார். பிள்ளை பள்ளிக்கூடம் விட்டு வந்து தண்ணீர் மொண்டு வைக்கும்.

"அக்கா, இன்னும் கொஞ்சம் சட்னி!"

"இருப்பா, ரெண்டு கைதானே இருக்கு!"

வாடிக்கைக்காரர் கையில் சில்லறை இல்லாவிட்டால், "நாளைக்குக் குடு" என்பதும் இங்கே சகஜம். குளுகுளு ஓட்டலில் இது நடக்குமா?

இந்த அக்காக்களுக்கு தினமும் இரண்டு பயம். ஒன்று, மழை. இன்னொன்று, வண்டியைத் தூக்கிக்கொண்டு போக வரும் லாரி.

சாலையோர வியாபாரிகளுக்கு என்று 2014-ல் மத்திய அரசு ஒரு சட்டமே கொண்டு வந்தது. யார் யார் வியாபாரம் செய்கிறார்கள் என்று கணக்கெடுத்து சான்று கொடுக்க வேண்டும். கணக்கெடுப்பு முடியும் வரை யாரையும் அப்புறப்படுத்தக்கூடாது. இடம் மாற்றுவதாக இருந்தால் 30 நாள் முன்னதாக நோட்டீஸ் கொடுக்க வேண்டும். ஓர் ஊரின் மக்கள் தொகையில் இரண்டரை சதவீதம் வரை சாலையோர வியாபாரிகளுக்கு இடம் கொடுக்கலாம் என்றும் அந்தச் சட்டம் சொல்கிறது.

சட்டம் இப்படி. ஆனால் நடைபாதையில் நடக்க வழி இல்லை என்று பாதசாரிகள் சொல்வதும் நியாயம்தானே? கோர்ட்டுக்குப் போகிறார்கள். கோர்ட்டு உத்தரவு போடுகிறது. மெரினா கடற்கரையில் கண்டபடி இருந்த கடைகளை ஒழுங்குபடுத்த ஐகோர்ட்டு தலையிட்டதன் பேரில், ஒரே மாதிரியான 900 வண்டிகள் என்று முடிவாகி, 2021-ல் குலுக்கல் நடந்தது. குலுக்கலில் பெயர் வந்தவர் பிழைத்தார். வராதவர்?

'தேங்காய், மாங்காய், பட்டாணி சுண்டல்' என்று மணலில் தூக்குச் சட்டியோடு நடக்கும் பையனுக்கு எந்தக் குலுக்கலும் கிடையாது. அவன் நடந்துகொண்டே இருக்கிறான்.

பேப்பரில் பஜ்ஜி கூடாது

இங்கே கொஞ்சம் சங்கடமான விஷயம். பஜ்ஜியை மாலைப் பத்திரிகையில் வைத்து, எண்ணெயை நன்றாகப் பிழிந்துவிட்டுச் சாப்பிடுவது நமது பழக்கம். அச்சு மையில் இருக்கும் ரசாயனம் சூடான பண்டத்தில் ஒட்டிக்கொண்டு வயிற்றுக்குள் போகும், ஆகவே செய்தித்தாளில் பொட்டலம் கட்டக்கூடாது என்று உணவு பாதுகாப்பு ஆணையம் 2016-ல் அறிவுரை வெளியிட்டது. படித்து முடித்த பத்திரிகைக்கு வேறு நல்ல உபயோகம் கண்டுபிடிக்க வேண்டும். 2019 ஜனவரி 1-ந் தேதி முதல் தமிழ்நாட்டில் ஒரு முறை பயன்படுத்தித் தூக்கி எறியும் பிளாஸ்டிக் பொருட்களுக்கும் தடை. வாழை இலையும் மந்தாரை இலையும் இருக்கவே இருக்கின்றன.

கையேந்தி பவனில் சாப்பிடுகிறவர்கள் பார்க்க வேண்டியது இரண்டுதான். தண்ணீர் எங்கிருந்து வருகிறது? எண்ணெய் என்ன நிறத்தில் இருக்கிறது? கறுத்துப்போன எண்ணெய் என்றால் அடுத்த வண்டிக்கு நகர்ந்துவிடுங்கள். கூட்டம் உள்ள கடையில் சரக்கு தேங்காது. அதனால் கூட்டத்தைக் கண்டு பயப்பட வேண்டாம்.

பில்லைப் பார்!

ஓட்டல் பில்லில் வரி என்று போடுகிறார்களே, அது சரியா?

2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்தபோது சாதாரண ஓட்டலுக்கு 12 சதவீதம், குளுகுளு ஓட்டலுக்கு 18 சதவீதம் என்று போட்டார்கள். ஒரே கூச்சல். நாலு மாதத்தில், நவம்பர் 15-ந் தேதி முதல், இரண்டுக்குமே 5 சதவீதம் ஆக்கினார்கள். சிறிய மெஸ்கள் பலவற்றுக்கு இந்த வரியே கிடையாது. சில கடைகள் தொகுப்பு முறையில் மொத்த விற்பனைக்கு வரி கட்டுகின்றன. அப்படிப்பட்ட கடைக்காரர் வாடிக்கைக்காரரிடம் தனியாக ஜி.எஸ்.டி. வசூலிக்கக்கூடாது. பில்லில் ஜி.எஸ்.டி. எண் இல்லாமல் வரி மட்டும் இருந்தால், "இது என்ன சார்?" என்று கேட்கலாம். வெட்கப்பட வேண்டியது இல்லை.

'சேவைக் கட்டணம்' என்று ஒன்றைச் சேர்த்திருந்தால் அதைக் கட்டியே தீர வேண்டும் என்பதும் இல்லை. கட்டாயப்படுத்தக்கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் சொன்னது. டெல்லி ஐகோர்ட்டும் 2025 மார்ச்சில் அதை உறுதி செய்தது.

கடைக்காரர் பக்கமும் பார்க்க வேண்டும். 19 கிலோ வணிக சிலிண்டர் விலை ஒவ்வொரு மாதமும் முதல் தேதியன்று மாறுகிறது. ஏறும் மாதத்தில் இட்லி விலையை ஏற்றினால் வாடிக்கைக்காரர் முகம் சுளிப்பார். எண்ணெய், பருப்பு, கூலி, கடை வாடகை. இவற்றில் முதல் மூன்றை எப்படியாவது சமாளிக்கிறார்கள். ஆளைச் சாய்ப்பது வாடகைதான். பழைய கட்டடம் இடிக்கப்பட்டு புதிதாக எழும்பினால், கீழே செல்போன் கடை வருமே தவிர, மெஸ் திரும்பி வராது.

கதீட்ரல் ரோட்டில் 1962-ல் திறந்த உட்லண்ட்ஸ் டிரைவ்-இன் ஓட்டலை ஞாபகம் இருக்கிறதா? மரத்தடியில் காரை நிறுத்தினால் கதவிலேயே தட்டைப் பொருத்தி டிபன் கொண்டு வருவார்கள். கார் இல்லாதவர்கள் உள்ளே உட்கார்ந்து ஒரு காபிக்கு மூன்று மணி நேரம் சினிமாக் கதை பேசுவார்கள். யாரும் எழுப்ப மாட்டார்கள். 2008-ல் மூடப்பட்டது. அந்த இடத்தில் 2010-ல் செம்மொழிப் பூங்கா வந்தது. பூங்கா அழகாகத்தான் இருக்கிறது. காபிதான் இல்லை.

சவுகார்பேட்டை சாயங்காலம்

பொழுது சாய்ந்தால் தங்கசாலைத் தெரு முழித்துக்கொள்ளும். மிண்ட் ஸ்ட்ரீட் என்றால்தான் ஆட்டோக்காரருக்குத் தெரியும்.

ககடா ராம்பிரசாத் கடையில் ஜிலேபி எண்ணெயில் இருந்து பாகுக்கும், பாகில் இருந்து தட்டுக்கும் தாவிக்கொண்டே இருக்கும். ரொட்டித் துண்டுக்குப் பதிலாக இரண்டு முறுக்கு, நடுவில் தக்காளியும் வெள்ளரிக்காயும் சட்னியும். இதற்குப் பெயர் முறுக்கு சாண்ட்விச்! தமிழ்நாட்டு முறுக்கும் வடநாட்டு சட்னியும் சம்பந்தம் பண்ணிக்கொண்டது இந்தத் தெருவில்தான். நேதாஜி சுபாஷ் சந்திரபோஸ் ரோட்டில் சீனா பாய் டிபன் கடை. இட்லி, ஊத்தப்பம். வேறு பேச்சே கிடையாது. நெய்யை விட்டு, பொடியைத் தூவி, சின்னச் சின்ன ஊத்தப்பமாக அடுக்கித் தருகிறார்கள். பகலில் போனால் பூட்டிய கதவைத்தான் பார்க்க முடியும். 

பர்மாவில் இருந்து வந்த ருசி

பீச் ஸ்டேஷனில் மின்சார ரெயிலை விட்டு இறங்கி, பர்மா பஜாரைத் தாண்டி, செகண்ட் லைன் பீச் பக்கம் திரும்பினால் பூண்டு வறுபடும் வாசனை மூக்கைத் துளைக்கும்.

'அத்தோ' கடைகள்!

இந்தத் தட்டுக்குப் பின்னால் ஒரு பெரிய கதை இருக்கிறது. வியாபாரத்துக்கும் கூலி வேலைக்கும் பர்மாவுக்குப் போய் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த தமிழர்கள் ஏராளம். 1962-ல் அங்கே ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. 1964-ல் கடைகளை எல்லாம் அரசாங்கம் எடுத்துக்கொண்டது. சம்பாதித்ததை எல்லாம் விட்டுவிட்டு, கட்டிய துணியோடு கப்பல் ஏறி சென்னை துறைமுகத்தில் வந்து இறங்கினார்கள். பலருக்கு அதுவரை இந்த ஊரைப் பார்த்த பழக்கமே கிடையாது. 'தாயகம் திரும்பியோர்' என்று சர்க்கார் தஸ்தாவேஜில் பெயர். வியாசர்பாடி போன்ற இடங்களில் குடியேறினார்கள். பிழைப்புக்கு வழியாக 1969-ல் ராஜாஜி சாலை ஓரத்தில் பர்மா பஜார் உருவானது.

சொத்து வரவில்லை. சமையல் வந்தது.

'அத்தோ' என்பது பர்மிய மொழிச் சொல்லின் மருவல். பிசைந்து, கலந்து தருவது என்று பொருள். மஞ்சளும் ஆரஞ்சுமாக இருக்கும் நூடுல்ஸ் ஒரு கைப்பிடி. அதில் நறுக்கிய முட்டைக்கோஸ், வெங்காயம், வறுத்த பூண்டு, பூண்டு எண்ணெய், மிளகாய்த் தூள், புளித் தண்ணீர், எலுமிச்சை. 'பேஜோ' என்னும் மொறுமொறு வடைத் தட்டை ஒன்றை நொறுக்கிப் போடுகிறார்கள். பிறகு கையாலேயே ஒரு பிசை பிசைந்து தட்டில் வைக்கிறார்கள். அடுப்பில் வதக்குவது கிடையாது. ஒரு நிமிடத்தில் தயார்.

அவித்த முட்டையைக் கீறி, உள்ளே வறுத்த வெங்காயமும் பூண்டும் வைத்து, புளித் தண்ணீர் விட்டுத் தருவது இன்னொரு அயிட்டம். அப்படியே முழுசாக வாயில் போட வேண்டும். கடிக்கப் பார்த்தால் சட்டை நாசம்! சூப்பில் சேமியா போல் மெல்லிய நூடுல்ஸ் போட்டால் அது 'மொய்ங்கா'. பர்மாவில் இது மீன் போட்ட குழம்பு. இங்கே பல வண்டிகளில் வாழைத்தண்டு சூப்பே அந்த வேலையைச் செய்துவிடுகிறது.

துறைமுகத்துக் கூலித் தொழிலாளி, கலெக்டர் ஆபீஸ் குமாஸ்தா, ஐகோர்ட்டில் இருந்து கறுப்புக் கோட்டைக் கையில் மடித்துப் போட்டுக்கொண்டு வரும் வக்கீல், கல்லூரிப் பையன்கள் எல்லோரும் ஒரே வண்டியைச் சுற்றி நிற்கிறார்கள். கப்பலில் வந்தவர்களின் பேரப் பிள்ளைகள் காலம் இது. சில வண்டிகளில் பிசைகிற கைக்கு பர்மாவைப் பார்த்த அனுபவமே இல்லை. பாட்டி பிசைந்ததைப் பார்த்த பழக்கம்தான்.

"அண்ணே, காரம் கம்மியா, பூண்டு ஜாஸ்தியா!"

"முட்டை வைக்கட்டுமா தம்பி?"

"மாசக் கடைசிண்ணே..."

"சரி, சூப்பு குடி."

வாழைத்தண்டு சூப்புக்குப் பல வண்டிகளில் காசு கிடையாது. அத்தோ வாங்கினால் ஒரு கிண்ணம் தானாக வரும். தீர்ந்தால் கிண்ணத்தை நீட்ட வேண்டியதுதான், மறுபடியும் ஊற்றுகிறார்கள். தாம்பரம் ரெயில் புறப்பட இன்னும் கால் மணி இருக்கிறது என்றால், நிதானமாக இரண்டு கிண்ணம் குடித்துவிட்டு ஸ்டேஷனுக்கு நடக்கலாம்.